ஒன்றும் செய்யாத பொத்தான்

கழுத்தில் நசுங்கிய நரம்புக்கு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது கொஞ்சம்தான். இனிமேல் கெடாமல் நிறுத்தியாயிற்று, போனது திரும்பி வருமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். மனைவி கோமதி அதையே வேறு வேறு விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். அவரும் சலிக்காமல் அதே பதிலைச் சொன்னார். கோவிந்தராஜன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நர்ஸ் தன் செருப்பை எங்கே எடுத்து வைத்தாள் என்று தேடிக்கொண்டிருந்தார்.

போனது என்பது தொடு உணர்ச்சி. வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப் போயிருந்தன. மடக்கினால் மடங்கின, நீட்டினால் நீண்டன. எதைத் தொட்டாலும் தொட்டது மட்டும் தெரியவில்லை. காபி டம்ளரில் ஆவி வருகிறதா என்று பார்த்துத்தான் சூட்டைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சட்டைக்குப் பித்தான் போடக் கண்ணாடி முன்னால் நிற்க வேண்டியிருந்தது. இடது கை அதைவிட மோசம். வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும்தான் பழையபடி இருந்தன. இந்த வயதில் இப்படியொரு கஷ்டமா என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். புனேயிலிருந்து போனில் பேசிய மகன் அஷ்வத்துக்குக் குரல் தழுதழுத்தது. கோவிந்தராஜனுக்குத்தான் ஒன்றும் தோன்றவில்லை. விரலோடு சேர்ந்து உள்ளேயும் ஏதோ மரத்துவிட்டதோ என்று ஒரு நாள் நினைத்துப் பார்த்தார். நினைத்ததிலும் ஒன்றும் ஆகவில்லை.

அவர் வேலை பார்த்தது கொல்கத்தாவில், துறைமுகத்தை ஒட்டிய கிதிர்பூரில் ஒரு கப்பல் ஏஜென்சியில். மாயவரத்துப் பக்கத்திலிருந்து வேலைக்கென்று வந்து, பாலிகஞ்சில் ஒரு சின்ன ஃபிளாட் வாங்கி, இங்கேயே தங்கிப் போனவர். கொல்கத்தா கடலோரத்து ஊர் இல்லை. கப்பல்கள் கடலை விட்டு ஹூக்ளி ஆற்றுக்குள் வெகு தூரம் வர வேண்டும். அதுவும் கடல் பொங்கி ஆற்றில் நீர் ஏறுகிற வேளை பார்த்து வர வேண்டும். ஆற்றின் வளைவும் மணல்திட்டும் அறிந்த பைலட் ஒருவர் வழியில் ஏறிக்கொண்டு கப்பலை உள்ளே கொண்டுவருவார். எந்தக் கப்பலுக்கு எந்த ஏற்றத்தில் பைலட் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வாங்குவது கோவிந்தராஜனின் வேலை. கேட்க வேண்டிய நேரம் தவறினால் கப்பல் ஆற்றின் வாயிலேயே நங்கூரம் போட்டு நிற்க வேண்டியதுதான்.

அதனால் அவர் திரையில் எப்போதும் ஐந்தாறு விண்டோக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். கப்பலிலிருந்து வரும் மெயில், நீர்மட்ட அட்டவணை, பைலட் பட்டியல், துறைமுகத்தில் எந்த இடம் காலி என்று காட்டும் படம், சுங்க இலாகாவின் பக்கம். ஒன்றைப் பார்த்து இன்னொன்றில் எழுதுவார். எழுதியதை அடியில் தள்ளிவிட்டு மூன்றாவதை மேலே இழுப்பார். சீட்டாட்டத்தில் தேர்ந்தவன் கட்டைக் கலைப்பதுபோல் அந்தக் கை ஓடும். அவ்வளவு வேகமாகச் செய்துவந்தோம் என்பதே கை போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

லீவு முடிந்து திரும்பிப் போன முதல் நாளே மவுஸ் சொன்னபடி கேட்கவில்லை. அழுத்தினோமா இல்லையா என்று விரலுக்குத் தெரியவில்லை. டிக்கென்ற சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால், ஏசியும் டெலிபோனும் பேச்சுமாக இருந்த அந்த ஹாலில் அது காதில் விழவில்லை. ஒரு தரம் அழுத்த நினைத்தால் இரண்டு தரம் விழுந்தது. இரண்டு தரம் அழுத்த வேண்டிய இடத்தில் ஒன்றுதான் விழுந்தது. ஒரு விண்டோவைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போகும்போது, பாதி வழியில் விரல் தானாகத் தளர்ந்து, அது இருந்த இடத்திலேயே நின்றுவிடும். அவர் கை வெறும் அம்புக்குறியை இழுத்துக்கொண்டு போகும். நீர்மட்ட அட்டவணையை மேலே கொண்டுவரப் போய் அதை மூடிவிட்டார். மறுபடி திறந்தார். மறுபடி மூடினார்.

பக்கத்து மேஜை தீபக் எட்டி வந்து திறந்து கொடுத்தான். தீபக் கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். நாற்பதை நெருங்குகிறவன், ஜாதவ்பூரில் மனைவி மக்களோடு இருந்தான். வங்காளத்தில் அண்ணனைத் தாதா என்பார்கள்; ஆபீஸில் எல்லாரும் கூப்பிடுவதுபோல அவனும் கோவிந்தராஜனை ராஜன்தா என்றுதான் கூப்பிடுவான். தமிழ் பேசுவான், ஆனால் வங்காளத்தில் யோசித்துவிட்டுப் பேசுகிற தமிழ். அந்த வாரத்தில் அவன் எத்தனை தரம் எட்டி வந்தான் என்பதற்குக் கணக்கில்லை. தன் வேலையில் பாதியை அவன் செய்கிறான் என்று கோவிந்தராஜனுக்குப் புரிந்தது. அவனுக்கும் அது புரிந்திருந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

மேனேஜர் சுப்ரியா ஒரு நாள் அவரை அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உடம்பு முழுக்கத் தேறும்வரை பழைய ஃபைல்களைப் பார்க்கும் சீட்டுக்கு வரலாமே, அவசரம் இல்லாத வேலை, சம்பளத்தில் ஒன்றும் மாறாது என்று மெதுவாகச் சொன்னார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு கோவிந்தராஜன் எழுந்து வந்தார். இந்த இடத்தில் மனசு புண்பட்டிருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. புண்பட்டதா என்று தேடியும் பார்த்தார். மத்தியானம் டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதத்தைக் கரண்டியால் சாப்பிட்டார்.

வீட்டில் கோமதி விடாமல் ஒன்று செய்துகொண்டிருந்தாள். சாயங்காலம் அவர் வந்து முகம் கழுவியதும் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வெதுவெதுப்பான எண்ணெயை விரல்களில் தேய்ப்பாள். அப்புறம் கண்ணை மூடச் சொல்வாள். தையல் ஊசியின் மொண்ணை முனையால் ஒரு விரலைத் தொட்டு, எந்த விரல் என்று கேட்பாள். ஆரம்பத்தில் அவர் தெரியவில்லை என்றுதான் சொன்னார். ஒவ்வொரு தரம் தெரியவில்லை என்னும்போதும் அவள் மூச்சு ஒரு கணம் நின்று அப்புறம் வெளியே வருவது கேட்கும். அதைக் கேட்கப் பிடிக்காமல் அவர் ஊகித்துச் சொல்ல ஆரம்பித்தார். சில சமயம் சரியாக அமைந்தது. கோமதி புனேக்குப் போன் போட்டு, அப்பாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிகிறது என்று சொன்னாள்.

ஒரு சாயங்காலம் எண்ணெய் தேய்த்து முடித்துவிட்டு வழக்கம்போல் எந்த விரல் என்று கேட்டாள். அவர் கண்ணை மூடியபடியே, நடுவிரல் என்றார். பதில் வரவில்லை. இப்போது என்று மறுபடி கேட்டாள். ஆள்காட்டி விரல் என்றார். அதற்கும் பதில் இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தார். கோமதியின் இரண்டு கைகளும் அவள் மடியில் இருந்தன. ஊசி டப்பாவுக்குள் இருந்தது.

"கொஞ்ச நாளாவே நான் தொடறதில்லைங்க" என்றாள் கோமதி.

கோபமாகச் சொல்லவில்லை. பால்காரன் வரவில்லை என்பதுபோலச் சொன்னாள். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து, புடலங்காய் கூட்டா, வறுவலா என்று கேட்டாள். கூட்டு என்றார். அதோடு அந்த ஊசிச் சோதனை நின்றது. மறுநாளிலிருந்து அவர் வந்ததும் அவள் டீயைக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

கோவிந்தராஜன் அப்புறம்தான் மவுஸைப் பற்றி யோசித்தார். நம்பிக்கை வந்து யோசித்ததாகச் சொல்ல முடியாது. பழைய ஃபைல் சீட்டில் உட்கார்ந்து பகல் முழுவதும் என்ன செய்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் மேஜையில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். உயிருள்ள இரண்டு விரல்களும் மவுஸின் வலது பக்கச் சரிவில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தன. வேலை முழுவதும் செத்த விரல்களுக்குக் கீழே இருந்தது. சில மவுஸ்களில் கட்டைவிரலுக்கென்று இடது பக்கச் சரிவில் இரண்டு சின்னப் பொத்தான்கள் இருக்கும். இடது கைக்காரர்களுக்கு என்று செய்யும் மவுஸில் அவை வலது பக்கம் இருக்கும். அந்த மவுஸை வலது கையில் பிடித்தால் பொத்தான்கள் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நேராக வரும்.

கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் சாந்தினி சந்தையில் கடை கடையாக ஏறி இறங்கினார். இடது கை மவுஸா என்று கேட்டுவிட்டு நிறையப் பேர் தலையாட்டினார்கள். கடைசியில் ஒரு கடைக்காரர் ஏணி போட்டு ஏறி, தூசி படிந்த பெட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கோவிந்தராஜன் அதை வலது கையில் வைத்துப் பார்ப்பதைக் கண்டு, தாதா, அது அந்தக் கைக்கு இல்லை என்றார். தெரியும் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை ஆபீஸில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். தீபக்கும் அன்று லீவு. கோவிந்தராஜன் புது மவுஸைச் செருகி, அதோடு வந்த புரோகிராமை ஏற்றினார். திரையில் மவுஸின் படம் வந்தது. ஒவ்வொரு பொத்தானிலிருந்தும் ஒரு கோடு போய், அந்தப் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டது. மோதிர விரலுக்கு நேராக இருந்த பொத்தானுக்குச் சாதாரண கிளிக்கைக் கொடுத்தார். சுண்டு விரலுக்கு நேராக இருந்ததற்கு, மேலே கிடக்கும் விண்டோவை எல்லாவற்றுக்கும் அடியில் தள்ளுகிற வேலையைக் கொடுத்தார். இழுப்பதுதான் அவருக்குப் பெரிய தொல்லை. அதற்கும் வழி இருந்தது. ஒரு தரம் சற்று நீட்டி அழுத்தினால் பிடித்துக்கொள்ளும், மறு தரம் அழுத்தினால் விட்டுவிடும். நடுவில் விரலை அழுத்தியபடி வைத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு வசதியையும் தேடிப் பிடித்தார். அம்புக்குறி ஒரு விண்டோவின்மேல் போய் நின்றாலே போதும், அழுத்தாமலே அது விழித்துக்கொண்டு முன்னால் வரும். முதலில் அதை வைத்ததும் கையை அசைக்கும்போதெல்லாம் விண்டோக்கள் முண்டியடித்துக்கொண்டு எழுந்தன. எவ்வளவு நேரம் நின்ற பிறகு எழ வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைத்துப் பார்த்து, ஒரு மூச்சு விடும் நேரம் என்று வைத்தார். அதன்பின் அடங்கின.

நடுவிரலின் பொத்தான் தவறி விழுந்தாலும் ஒரு பட்டியல்தான் திறக்கும், கெடுதல் இல்லை. ஆள்காட்டி விரலின் பொத்தான் மட்டும் மிச்சம். அதைப் பழையபடி விட்டால் தெரியாத விரல் தெரியாமல் அழுத்தி எதையாவது மூடிவிடும். அதற்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று பட்டியலை இறக்கிப் பார்த்தார். கடைசி வரியில், ஒன்றும் செய்யாதே என்று இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தார். பிறகு ஆள்காட்டி விரலால் அழுத்தினார். விரல் கீழே போய் மேலே வருவதைப் பார்த்தார். திரையில் ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் அழுத்தினார். ஹாலில் யாரோ டெலிபோனில் மீன் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் அப்படி அழுத்திக்கொண்டிருந்தார் என்று தெரியாது. ஹாலைப் பெருக்க வந்தவள் காலைத் தூக்கச் சொன்னபோது நிறுத்தினார்.

கை பழக நாளாயிற்று. பழகிய பிறகு வேலை ஓடியது. முன்பு இருந்த வேகம் இல்லை. ஆனாலும் தீபக் எட்டி வர வேண்டியிருக்கவில்லை. அவன் ஒரு தரம் மட்டும், மவுஸ் புதுசா என்று கேட்டான். ஆமாம் என்றார். சுப்ரியா அவர் மேஜை வழியாகப் போகும்போது நின்று பார்த்துவிட்டு, கை முழுக்கக் குணமாகிவிட்டதா என்று கேட்டார். கோவிந்தராஜன் தலையை அசைத்தார். எந்தப் பக்கம் அசைத்தார் என்று பார்க்கிறவர்கள் தீர்மானித்துக்கொள்ளலாம் என்பது மாதிரியான அசைப்பு. சுப்ரியா ரொம்பச் சந்தோஷம் என்றார். பழைய ஃபைல் சீட்டைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

வியாழக்கிழமைகளில் அவர் மத்தியானமே கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போவார். அங்கே கையில் ஒயர்களை ஒட்டி லேசான மின்சாரம் கொடுப்பார்கள். அது அவருக்குத் தெரியாது. விரல்கள் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரம் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிடச் சொல்வார்கள்.

அப்படி ஒரு வியாழக்கிழமை. மியான்மரிலிருந்து பருப்பு ஏற்றிய கப்பல் ஒன்று ஆற்றின் வாயில் இருக்கும் சாகர் தீவை நெருங்கிக்கொண்டிருந்தது. பௌர்ணமி கழிந்து ஆற்றில் ஏற்றம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டிருந்த சமயம். மறுநாள் காலை ஏற்றத்தில் உள்ளே வந்துவிட்டால் நல்லது. தவறினால் போதிய ஆழம் கிடைக்குமோ கிடைக்காதோ. பைலட் கேட்கும் மெயிலை கோவிந்தராஜன் எழுதித் திரையில் தயாராக வைத்திருந்தார். கப்பல் தண்ணீரில் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்ற எண் மட்டும் கப்பலிலிருந்து வர வேண்டும். வந்ததும் அதை நிரப்பி அனுப்பிவிடு என்று தீபக்கிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மவுஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது அவர் நினைவுக்கே வரவில்லை என்று சொன்னால் பாதிதான் உண்மை. சொல்ல வேண்டும் என்று லிஃப்டுக்குப் பக்கத்தில் போகும்போது தோன்றியது. சொன்னால் ஏன் என்று கேட்பான். லிஃப்ட் வந்தது, ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்து போனைப் போட்டபோது தீபக் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருந்தது தெரிந்தது. வாசலில் நின்றுகொண்டே பேசினார்.

"ராஜன்தா, நான் கிளிக் பண்றேன், பண்றேன், ஒண்ணும் ஆகலே" என்றான் தீபக். "விண்டோ எல்லாம் தானா எழுந்து வரது, போறது. வைரஸ்னு நெனச்சேன். ஆஃப் பண்ணிட்டேன்."

மற்றதைத் துண்டு துண்டாகச் சொன்னான். அணைத்துவிட்டு மறுபடி போட்டதும் மெஷின் ஏதோ அப்டேட் என்று ஆரம்பித்து, யாரையும் கிட்டே விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் தன் மெஷினிலிருந்து விவரங்களைத் தேடியெடுத்து, புதிதாக ஒரு மெயில் எழுதி அனுப்பினான். அது போய்ச் சேர்ந்தபோது மறுநாள் காலைக்கான பைலட் பட்டியலை மூடிவிட்டார்கள். கப்பல் நங்கூரம் போட்டுவிட்டது. கப்பல்காரர்களிடமிருந்து சூடாக மெயில் வந்துகொண்டிருக்கிறது. சுப்ரியா மேடம் பைலட் ஆபீஸுக்கு நேரிலேயே போயிருக்கிறார்.

கோவிந்தராஜன் சரி என்றார். சரி என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டு வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் கோமதியிடம் நடந்ததைச் சொன்னார். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள். கப்பல், பைலட், ஏற்றம் இதெல்லாம் அவளுக்குப் பழக்கமான சொற்கள்தான். இந்த மவுஸ் விஷயம் மட்டும் புதிது. வீட்டிலும் அவர் அதைச் சொல்லியிருக்கவில்லை. எந்த விரலுக்கு எந்த வேலை என்று மேஜைமேல் கையை வைத்துக் காட்டினார். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"ஆபீஸ்ல சொல்லியிருக்கீங்கதானே?"

"எத?"

"கைய."

அவர் கையை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டார். கோமதி மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டாள். எனக்கு மட்டும்தான் சொல்லலைன்னு நெனச்சேன் என்று பீன்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

மறுநாள் காலை சுப்ரியா இரண்டு பேரையும் கோவிந்தராஜனின் மேஜைக்கே வரச் சொன்னார். பைலட் ஆபீஸில் வெகுநேரம் உட்கார்ந்து மன்றாடி, அன்று சாயங்கால ஏற்றத்துக்கு ஒரு பைலட்டை வாங்கி வந்திருந்தார். ஆழம் மயிரிழையில் போதுமாம். அவர் முகத்தில் தூக்கம் இல்லை. என்ன நடந்தது என்று கேட்டார். தீபக் முந்திக்கொண்டு, தான் அவசரப்பட்டு அணைத்துவிட்டதாகவும், முதலிலேயே தன் மெஷினிலிருந்து அனுப்பியிருக்க வேண்டும் என்றும் வங்காளத்தில் சொன்னான். சுப்ரியா கோவிந்தராஜனைப் பார்த்தார்.

"தப்பு தீபக்மேல இல்ல" என்றார் கோவிந்தராஜன். அவரும் வங்காளத்தில்தான் சொன்னார். "இந்த மூணு விரலுக்கும் தொட்டாத் தெரியாது. ஆப்பரேஷன் பண்ணியும் திரும்பி வரல. அதனால மவுஸ மாத்தி வச்சிருக்கேன்."

சொல்லிவிட்டு ஏதாவது ஆகும் என்று பார்த்தார். தொண்டை அடைக்கும், அல்லது பாரம் இறங்கும் என்பார்களே, அப்படி ஏதாவது. ஒன்றுமில்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

சுப்ரியா காட்டச் சொன்னார். கோவிந்தராஜன் உட்கார்ந்து காட்டினார். மெயில் விண்டோவின்மேல் அம்புக்குறியை நிறுத்தினார். அது முன்னால் வந்தது. சுண்டு விரலை அழுத்தினார். அது எல்லாவற்றுக்கும் அடியில் போயிற்று. அட்டவணையைப் பிடித்து ஓரத்தில் கொண்டுபோய் விட்டார். ஆள்காட்டி விரலால் அழுத்திக் காட்டியபோது, இது என்ன செய்யும் என்று சுப்ரியா கேட்டார். ஒன்றும் செய்யாது என்றார். சுப்ரியா அவரை எழச் சொல்லிவிட்டுத் தானே நாற்காலியில் உட்கார்ந்து, மோதிர விரலை வளைத்து அந்தச் சின்னப் பொத்தானைத் தேடினார். கை பழக்கமில்லாமல் வழுக்கியது. இரண்டு மூன்று தரம் தவறான விண்டோ எழுந்து வந்தது. அவர் மவுஸை விட்டுவிட்டு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார்.

"நான் கேட்டப்ப குணமாயிடுச்சுன்னு தலையாட்டினீங்க" என்றார்.

ஆமாம் என்றார் கோவிந்தராஜன்.

"அத நம்பித்தான் இந்தக் கப்பல உங்ககிட்ட விட்டேன்."

அதற்கும் ஆமாம் என்றார். சுப்ரியா வேறு ஒன்றும் திட்டவில்லை. எழுந்து நின்று, செய்ய வேண்டியதைச் சொன்னார். இந்த மெஷினில் இரண்டு பெயர்கள் இருக்க வேண்டும். கோவிந்தராஜன் தன் பெயரில் நுழைந்தால் அவருடைய ஏற்பாடுகள் வரும். மற்ற யார் நுழைந்தாலும் எல்லாருக்கும் பழகிய ஏற்பாடு வரும். அவர்களுக்குச் சாதாரண மவுஸ் ஒன்றும் செருகியே இருக்க வேண்டும். வியாழக்கிழமைக் கப்பல்கள் இனிமேல் தீபக் பொறுப்பு. அதோடு, பெரிய கப்பல்களின் பொறுப்பாளர் பட்டியலில் இனி முதல் பெயர் தீபக், கோவிந்தராஜன் இரண்டாவது. கடைசியாகச் சொன்னதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தணிந்தது. தீபக் தரையைப் பார்த்தான். கோவிந்தராஜன் சரி என்றார். இத்தனை வருஷமாக முதல் பெயராக இருந்தவர் அவர்தான். அது போகும்போது வலிக்க வேண்டும் என்று அறிந்திருந்தார். எங்கோ தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ எதையோ நகர்த்துவதுபோல ஒரு சின்ன அசைவு இருந்தது. அது வலிதானா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஓர் ஆள் வந்து, சுப்ரியா சொன்னபடி செய்துவிட்டுப் போனார். காபி குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது. இவ்வளவுதானா என்று தீபக் கேட்டான். இவ்வளவுதான் என்றார் அந்த ஆள்.

சாயங்காலம் பருப்புக் கப்பலில் பைலட் ஏறிவிட்டார் என்று மெயில் வந்தது. கப்பல்காரர்களுக்கு வருத்தம் தெரிவிக்கும் மெயிலை கோவிந்தராஜன் எழுதினார். சுப்ரியா அதில் ஒரு வரியை மாற்றித் தன் பெயரில் அனுப்பினார். அப்புறம் எல்லாரும் கிளம்பினார்கள்.

வழக்கமாகப் பஸ்ஸில் போகும் தீபக் அன்று அவரோடு மாஜேர்ஹாட் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தான். பிளாட்பாரத்தில் கூட்டம் இருந்தது. ஒருவன் ஜால்முரி என்கிற காரப்பொரி விற்றுக்கொண்டிருந்தான். தீபக் வாங்கி ஒரு பொட்டலத்தை அவரிடம் நீட்டினான். அவர் அதை மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வதை இப்போது நேராகவே பார்த்தான்.

"எப்படி இருக்கும், ராஜன்தா? கிளவுஸ் போட்டா மாதிரியா?"

கோவிந்தராஜன் யோசித்தார். இதை இதுவரை யாரும் கேட்டதில்லை. டாக்டர்கள் தெரிகிறதா தெரியவில்லையா என்றுதான் கேட்டார்கள்.

"கிளவுஸ் போட்டாலும் உள்ள நம்ம கை இருக்குன்னு தெரியும்ல" என்றார். "இது அப்படி இல்ல. வேற யாரோ கைய நம்ம பக்கத்துல வச்சுட்டு எழுந்து போயிட்ட மாதிரி."

தீபக் தலையை ஆட்டினான். புரிந்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. பொரியைத் தின்றுகொண்டே, முதல் பெயர் விஷயம் தான் கேட்டு வாங்கியதில்லை என்றான். தெரியும் என்றார் கோவிந்தராஜன். நீ நன்றாகச் செய்வாய் என்றும் சொன்னார். சொல்லும்போது அது உண்மை என்றே நினைத்தார்.

பஜ்பஜ்ஜிலிருந்து வரும் லோக்கல் ரயில் வந்து நின்றது. இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் வாசலில் மோதிக்கொண்டார்கள். தீபக் முதலில் ஏறித் திரும்பிக் கையை நீட்டினான். கோவிந்தராஜன் பொட்டலத்தைப் பையில் போட்டுவிட்டுத் தன் வலது கையைக் கொடுத்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. பிடித்திருக்கிறோமா என்று அவர் குனிந்து பார்த்தார். தன் விரல்கள் தீபக்கின் மணிக்கட்டைச் சுற்றி மூடியிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே காலை எடுத்து மேலே வைத்தார்.